அறை எண் பதினான்கு மாநாட்டுக்குப் போயிருக்கிறது

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சாவிக்காரர் ஆஸ்பத்திரியின் பின்புறக் கட்டடத்துக்கு வந்தபோது, அறை எண் பதினான்கு மூடியிருக்கவில்லை. மூடியிருந்தால் அவருக்குக் கவலை இல்லை. மூடியதைத் திறப்பதுதான் அவருடைய தொழில். அறை காலியாக இருந்தது.

பெஞ்ச் இல்லை. எடை மிஷின் இல்லை. மருந்து வைத்திருக்கும் இரும்பு பீரோ இல்லை. அது நின்ற இடத்தில் நான்கு கால்களின் துருத்தடம் மட்டும் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த படம் இல்லை. படம் தொங்கிய ஆணியும் இல்லை. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்.

'அறை எண் பதினான்கு மாநாட்டில் கலந்துகொள்வதால் நான்கு நாட்களுக்கு இங்கே இருக்காது. சிகிச்சை தடையின்றித் தொடரும்.'

சாவிக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு, வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டியிடம் போனார்.

"டாக்டர் மாநாட்டுக்குப் போயிருக்காரா?"

"டாக்டர் போயிருக்கார். சிஸ்டர் போயிருக்காங்க. பீரோ போயிருக்கு. பெஞ்ச் போயிருக்கு. நேத்து சாயந்திரம் லாரி வச்சு ஏத்தினாங்க. என் நாற்காலியையும் கேட்டாங்க. நான் எந்திரிக்கல."

"அப்ப மருந்து?"

"அதுதான் எழுதியிருக்கே, தடையில்லாம தொடரும்னு."

"எங்க தொடரும்?"

"அத எழுதல," என்றார் செக்யூரிட்டி.

சாவிக்காரரின் கைப்பையில் அரம், சுத்தியல், வெட்டாத சாவிகள் இவற்றோடு ஒரு காலிக் குப்பியும் இருந்தது. எச்ஐவிக்கான மாத்திரையை அவர் பத்தொன்பது வருடமாகச் சாப்பிடுகிறார். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒன்று. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அறை எண் பதினான்கின் வழக்கம் கண்டிப்பானது: காலிக் குப்பியைக் கொடுத்தால்தான் நிறைந்த குப்பி கிடைக்கும். சிஸ்டர் அதை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்குவார். ஒரு மாத்திரை சத்தம் போட்டாலும் விசாரணை. அதனால் சாவிக்காரர் எப்போதும் கடைசி மாத்திரையை முந்தின நாள் இரவு சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். நேற்றிரவும் சாப்பிட்டிருந்தார். இன்றைக்கு இரவு எட்டு மணிக்கு அவரிடம் ஒன்றுமில்லை.

அவர் மறதிக்காரர் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். தெருமுனை வரை போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள். "ஊர்ப் பூட்டையெல்லாம் ரெண்டு நிமிஷத்துல தொறக்குறீங்க, நம்ம பூட்டை மட்டும் நம்ப மாட்டேங்கிறீங்க," என்று அவர் மனைவி சொல்வார். "அதனாலதான் நம்பல," என்பார் இவர்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, முடிஞ்சுதா? வர்றப்ப பல்பு ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"அறையைக் காணோம்."

"எந்த அறை?"

"பதினாலு."

"நீங்க எதையும் தொலைக்க மாட்டீங்களே. நல்லாத் தேடிப் பாருங்க."

*

மாநாட்டு அரங்கம் நகரத்தின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. கண்ணாடிக் கட்டடம். வாசலில் பெரிய பதாகை: 'எச்ஐவி கற்றுத் தந்த பாடங்கள்: அடுத்த பெருந்தொற்றை எதிர்கொள்ளத் தயாராவதற்குத் தயாராகுதல்.'

பதிவு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி கேட்டார், "எந்தப் பிரிவு சார்?"

"நோயாளி."

அவர் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். "பேச்சாளர் இருக்கு. ஆய்வாளர் இருக்கு. நன்கொடையாளர், பார்வையாளர், பத்திரிகை இருக்கு. நோயாளி இல்லையே சார்."

"நோயைப் பத்தின மாநாடுதானே?"

"ஆமா சார். நோய் இருக்கு. அது தலைப்புலயே வருது." அவர் உண்மையாகவே உதவ விரும்பினார். "சமூகப் பிரதிநிதின்னு ஒரு இடம் இருந்துச்சு. அது நிரம்பிடுச்சு."

"யாரு?"

"யாரும் இல்ல. அடையாளமா ஒரு நாற்காலி போட்டிருக்காங்க. நாற்காலி போட்டாச்சுன்னா நிரம்பினதாத்தான் கணக்கு." பிறகு அவர் கண் கைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த சுத்தியலில் பட்டது. முகம் மலர்ந்தது. "சார், நீங்க பராமரிப்பா? முதல்லயே சொல்லியிருக்கலாமே."

கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சாம்பல் நிற நாடாவில் ஓர் அட்டை கொடுத்தார். 'பராமரிப்பு' என்று போட்டிருந்தது. அன்று முழுவதும் சாவிக்காரர் கவனித்தார்: பச்சை நாடா போட்ட ஆய்வாளர்களை நன்கொடையாளர் அறைக்குள் விடவில்லை. நீல நாடா போட்ட பத்திரிகைக்காரர்களை எந்த அறைக்குள்ளும் விடவில்லை. சாம்பல் நாடாவை யாரும் நிறுத்தவில்லை. அதைப் போட்டிருந்தவரை யாரும் பார்க்கவும் இல்லை.

உள்வாசலில் காவலர் பையைச் சோதித்து நோட்டில் எழுதிக்கொண்டார். "அரம் மூணு. சுத்தியல் ஒண்ணு. சாவி ஒரு கொத்து. குப்பி ஒண்ணு. போறப்ப இதே எண்ணிக்கை இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"குப்பி காலின்னு எழுதிக்கோங்க."

"காலியா நிறைஞ்சதான்னு எழுதக் கட்டம் இல்ல," என்றார் காவலர்.

*

கண்காட்சிக் கூடத்தின் நடுவில் அறை எண் பதினான்கு இருந்தது.

அதே பெஞ்ச். அதே எடை மிஷின்; எப்போதும் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டுவது. அதே படம், அதே ஆணியில். பின்னால் அட்டையில் ஒரு சுவர் எழுப்பி, பழைய அறையின் ஈரக்கறையை யாரோ ஓர் ஓவியர் போட்டோவைப் பார்த்து அச்சு அசலாக வரைந்திருந்தார். கறை இன்னும் காயவில்லை. எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. ஒரு பலகை: 'எளிய சூழலில் தடையற்ற சிகிச்சை: ஓர் உயிருள்ள மாதிரி. தொட வேண்டாம்.'

மேசைக்குப் பின்னால் சிஸ்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாவிக்காரரைப் பார்த்ததும் உதட்டை மட்டும் அசைத்தார்.

"வாங்கண்ணே. கயித்துக்கு அந்தப் பக்கமே நில்லுங்க."

"சிஸ்டர், மாத்திரை முடிஞ்சிருச்சு."

"தெரியும். இன்னைக்குச் செவ்வாய். உங்க பாட்டில் பீரோவுல மூணாவது தட்டுல இருக்கு. 417."

"எடுத்துக் கொடுங்க."

"நான் இப்ப கண்காட்சிப் பொருள். காட்சி நேரம் பதினொண்ணு, ஒண்ணு, மூணு, அஞ்சு. மத்த நேரத்துல கை அசைக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க." கண்ணால் இடது பக்கம் காட்டினார். "பீரோ சாவி பட்டியல் மேடம்கிட்ட இருக்கு. அவங்களைக் கேளுங்க. மூக்கு அரிக்குது, பதினொரு மணி எப்ப ஆகும்னு பாத்துட்டு இருக்கேன்."

பட்டியல் மேடம் என்பவர் கண்காட்சிப் பொருட்களுக்கெல்லாம் பொறுப்பாளர். கழுத்தில் சாவி, கையில் பட்டியல். சாவிக்காரர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"பொருள் எண் முப்பத்தொண்ணு, குப்பிகள், நூத்திப் பன்னிரண்டு," என்று வாசித்தார். "காலையில நூத்திப் பன்னிரண்டு இருந்தா ராத்திரியும் நூத்திப் பன்னிரண்டு இருக்கணும். ஒண்ணு எடுத்தா நூத்திப் பதினொண்ணு ஆயிடும் சார்."

"அது என் மருந்து. என் நம்பர் போட்டிருக்கு."

"நம்பர் எல்லாத்துலயும்தான் போட்டிருக்கு. அதுதான் காட்சிக்கு அழகு. பொருள் வெளிய போகணும்னா ஏற்பாட்டுக் குழு தீர்மானம் போடணும். மருந்துன்னா டாக்டர் கையெழுத்தும் வேணும்." சற்று இருமினார். "குழு இப்ப ஒண்ணாம் அரங்குல இருக்கு. டாக்டரும் அங்கதான். 'இடைவெளியில்லா மருந்து விநியோகம்' அமர்வு. நடுவுல தொந்தரவு பண்ணக் கூடாது."

மணி பதினொன்று அடித்தது. சிஸ்டர் முதலில் மூக்கைச் சொறிந்துகொண்டார். பிறகு காட்சி தொடங்கியது.

கிழிந்த சட்டை போட்ட ஒரு நாடக நடிகர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். சாவிக்காரர் இத்தனை வருடத்தில் அறை எண் பதினான்கில் அப்படி ஒரு சட்டையைப் பார்த்ததில்லை. நடிகர் பெஞ்சில் சரிந்தார், பெருமூச்சு விட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவர் ஆடியது. சுற்றி நின்ற ஆய்வாளர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள்.

"மிச்சம் எத்தனை?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ரெண்டு," என்று நடிகர் குரல் நடுங்கச் சொன்னார். "ரெண்டு நாள் மறந்துட்டேன் தாயே."

பட்டியல் மேடம் பீரோவைத் திறந்தார். சிஸ்டர் மூன்றாவது தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நடிகர் கையில் வைத்தார். நடிகர் அதை நெஞ்சோடு அணைத்து எட்டு நொடி அழுதார். பிறகு குப்பி பீரோவுக்குள் போனது. கைதட்டல். பூட்டு.

குப்பியில் 417 என்று போட்டிருந்ததைச் சாவிக்காரர் பார்த்துவிட்டார்.

தேநீர் மேசையருகே நடிகர் இவரைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க உத்துப் பாத்தீங்க. எப்படி இருந்துச்சு?"

"யாரு அது?"

"417ன்னு ஒரு நோயாளி. உண்மையான ஆளாம். பத்தொம்பது வருஷமா ஒரு மாத்திரைகூட விட்டதில்லையாம். அதுல நாடகமே இல்ல பாருங்க, அதனால ரெண்டு மாத்திரையை மறக்க வச்சுட்டாங்க. பாவப்பட்ட ஆளுண்ணே. பாத்திரத்துக்காக மூணு நாள் அவரா வாழ்ந்து பாத்தேன்."

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"இல்ல. சோகமா இருந்தேன்."

சாவிக்காரர் பிஸ்கட்டை டீயில் தோய்த்துச் சாப்பிட்டார். தன்னைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தார். நடிகர் வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டார்.

*

ஒன்றாம் அரங்கில் மாநாட்டுத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். மேடையில் ஒன்பது நாற்காலிகள். ஒன்பதாவது காலியாக இருந்தது. அதன் மேல் 'சமூகத்தின் குரல்' என்று ஓர் அட்டை. கால் வலித்ததால் சாவிக்காரர் அதில் உட்காரலாமா என்று ஓர் ஊழியரிடம் கேட்டார்.

"அது அடையாளத்துக்குப் போட்டது சார். ஆள் உக்காந்தா அடையாளம் மறைஞ்சிடும்."

அவர் சுவரோரம் நின்றுகொண்டார்.

"நாற்பது ஆண்டுகளாக எச்ஐவி நமக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது," என்றார் தலைவர். "இந்தப் பாடங்களைக் கற்றுக்கொள்ள நான் கலந்துகொள்ளும் இருபத்தாறாவது மாநாடு இது. இருபத்தாறிலும் அதே மூன்று பாடங்களைத்தான் கற்றேன். அவை இன்றும் புத்தம் புதிதாக இருக்கின்றன. காரணம், நாம் அவற்றை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தாத பொருள் தேய்வதில்லை."

பலத்த கைதட்டல்.

"முதல் பாடம்: மருந்து மக்களுக்கு அருகில் இருக்க வேண்டும். எனவே அறை எண் பதினான்கை அது கிடந்த மூலையிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்தோம். இப்போது அது உங்கள் இருக்கையிலிருந்து நாற்பதே அடியில் இருக்கிறது. இரண்டாம் பாடம்: பாதிக்கப்பட்டவர்களின் குரலைக் கேட்க வேண்டும்." காலி நாற்காலியைக் காட்டினார். "கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இதுவரை அது எந்தக் குறையும் சொல்லவில்லை. மூன்றாம் பாடம்..."

இங்கே அவருக்கு இருமல் வந்தது. காலைச் சிற்றுண்டியிலிருந்தே அவர் இருமிக்கொண்டிருந்ததாகவும், அவரோடு கைகுலுக்கிய முன்வரிசை பதினொரு மணியிலிருந்து இருமுவதாகவும் பக்கத்தில் நின்ற ஊழியர் சொன்னார். ஊழியரும் இருமினார். மூன்றாம் பாடம் இருமலில் போய்விட்டது. அது பெருந்தொற்றை முதல் நாளிலேயே கண்டுகொள்வது பற்றியது என்று பின்னால் அச்சிட்ட பிரதியில் இருந்தது.

ஒருவர் எழுந்து, அரங்கில் பலர் இருமுவது போலத் தெரிகிறது என்று தயங்கிச் சொன்னார்.

"இருமல் என்றால் என்ன என்கிற வரையறை மூன்றாம் நாள் பிற்பகல்தான் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது," என்றார் தலைவர். "அதற்குள் அவசரப்பட்டு எதையும் இருமல் என்று அழைப்பது அறிவியல் ஆகாது."

சாவிக்காரர் பராமரிப்பு என்பதால் போய் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார். காற்று வந்தது. சுவரில் குத்தியிருந்த ஆய்வுச் சுவரொட்டி ஒன்று பறந்து விழுந்தது. 'மூடிய அறைகளில் காற்றோட்டத்தின் இன்றியமையாமை' என்பது அதன் தலைப்பு. அதை எழுதியவர் ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினார்.

அடுத்து டாக்டர் பேசினார். சாவிக்காரரின் டாக்டர். திரையில் ஒரு நேர்கோடு. பத்தொன்பது வருடம், மேலும் இல்லை, கீழும் இல்லை.

"இவர் நோயாளி 417," என்றார் டாக்டர். குரலில் பாசம் இருந்தது. "ஒரு மாத்திரைகூடத் தவறவிடாதவர். அடுத்த பெருந்தொற்றில் மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்த மனிதர்தான் பாடப்புத்தகம். இவரைப் பற்றி நான் ஏழு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். கேள்விகள் உண்டா?"

ஒருவர் மைக்கை வாங்கி, தன்னுடையது கேள்வி அல்ல, ஒரு கருத்து என்று சொல்லி ஒன்பது நிமிடம் பேசினார். இன்னொருவர் அந்தக் கருத்தைப் பதினொரு நிமிடம் பாராட்டினார். மைக் கோளாறாகிவிட்டதென்று நினைத்து யாரோ அதைப் பராமரிப்பு கையில் கொடுத்தார்கள்.

"டாக்டர்," என்றார் சாவிக்காரர். குரல் எட்டுத் திசையிலிருந்தும் கேட்டது. அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நான்தான் 417. மாத்திரை தீந்துபோச்சு. ராத்திரி எட்டு மணிக்குப் போடணும். ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போயிடுவேன்."

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தியதில்லை. இந்த முகத்தை அவருக்குத் தெரியாது.

"வாய்ப்பே இல்லை," என்றார். "417 இங்கே வர மாட்டார். இன்று முதல் செவ்வாய். மருந்து விஷயத்தில் அவ்வளவு ஒழுங்கான மனிதர். இந்நேரம் அறை எண் பதினான்கில் இருப்பார்."

தலைவர் குறுக்கிட்டார். "இருந்தாலும் இது நெஞ்சைத் தொடும் ஒரு குறியீட்டுத் தலையீடு. பராமரிப்புப் பிரிவின் கலையுணர்வைப் பாராட்டுகிறேன். 'மாத்திரை தீர்ந்துபோச்சு' என்பதைப் பரிந்துரைகளில் சேர்த்துக்கொள்வோம்."

உடனே ஒரு துணைக்குழு அமைத்தார்கள். 'மாத்திரை கொடுக்க வேண்டும்' என்பது மிகக் கடுமையாக இருப்பதாக ஒருவர் சொன்னார். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அது 'மாத்திரை கொடுப்பதற்கு உகந்த சூழலை உருவாக்குவது பற்றிய உரையாடலை வலுப்படுத்துதல்' ஆனது. சாவிக்காரருக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். நல்ல வழுவழுப்பான தாள்.

மனைவி போன் செய்தார். "கிடைச்சுதா?"

"தீர்மானம் கிடைச்சிருக்கு."

"அதைத் தண்ணியில போட்டு முழுங்க முடியுமா?"

"கொஞ்சம் பெருசா இருக்கு."

"விளையாடாதீங்க. மணி நாலாகப் போகுது. எட்டு மணிக்கு நீங்க வெறுங்கையோட உக்காந்திருக்கறதை நான் பாத்ததே இல்ல. பாக்கவும் வேணாம்." போனைத் துண்டித்துவிட்டார். அந்தக் குரலில் கேலி இல்லை என்பதைச் சாவிக்காரர் கவனித்தார். காலிக் குப்பியை எடுத்துத் தானே ஒருமுறை காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

*

நாலரை மணிக்குக் கண்காட்சிக் கூடத்தில் பெரிய கலவரம். ஐந்து மணிக் காட்சியைப் பார்க்கப் பெரிய நன்கொடையாளர் ஒருவர் வருகிறார். நாலு மணிக்கே பட்டியல் மேடத்துக்குக் காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போய்விட்டார். கழுத்துச் சாவியும் அவரோடு போய்விட்டது. போன் எடுக்கவில்லை. நாடக நடிகர் மேடைக்குப் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். முதலில் எல்லோரும் ஒத்திகை என்று நினைத்து ரசித்தார்கள்.

தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே கத்தினார். "பராமரிப்பு எங்கே?"

நான்கைந்து பேர் ஓடிவந்து சாவிக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சிவப்புக் கயிற்றை அவருக்காகத் தூக்கிப் பிடித்தார்கள்.

பீரோவின் பூட்டை அவருக்குத் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன்னால் அதை அவரே சரிசெய்து கொடுத்திருந்தார், அதுவும் ஒரு முதல் செவ்வாயில். அரத்தை வைக்கிற இடத்தில் வைத்து, காதைக் கதவில் ஒட்டி, நாற்பது நொடியில் திறந்தார். தலைவர் அவர் தோளில் தட்டி, "இந்த மாநாட்டில் இதுவரை நடந்த வேலைகளில் இதுதான்..." என்று தொடங்கிவிட்டு, எப்படி முடிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

"பீரோ திறந்துடுச்சு. நோயாளிக்கு என்ன பண்றது?" என்றார் ஓர் ஊழியர்.

"நான் இருக்கேன்," என்றார் சாவிக்காரர்.

தலைவர் இரண்டடி பின்னால் போய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நோயாளி மாதிரியே இல்லையே."

"பத்தொம்பது வருஷமா மாத்திரை சாப்பிடுறேன் சார். அதனால இருக்கும்."

"முகத்தில் சோர்வு வேண்டும். தோளைக் கொஞ்சம் தொங்க விடுங்கள்." யாரோ அவர் தலைமுடியைக் கலைத்தார்கள். நடிகரின் கிழிந்த சட்டையை மாட்டிவிட்டார்கள். அது வியர்வையில் நனைந்திருந்தது. "வசனம் தெரியுமா?"

"மனப்பாடம்."

"மிச்சம் எத்தனை என்று கேட்டால்?"

"அத அப்ப பாத்துக்கலாம் சார்."

ஐந்து மணிக்கு நன்கொடையாளர் வந்தார். உயரமான, களைத்த மனிதர். இந்த ஒரு வாரத்தில் இது அவருக்கு நான்காவது மாதிரி அறை. நன்கொடையாளருக்காக டாக்டரே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு டாக்டராக வந்து உட்கார்ந்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்கள்.

சாவிக்காரர் பெஞ்சில் ஜன்னலோர மூலையில், வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் வரைந்ததுதான். சிஸ்டர் அவரைப் பார்த்தார். பிறகு எல்லா முதல் செவ்வாயும் கேட்பது போலக் கேட்டார்.

"மிச்சம் எத்தனை?"

"ஒண்ணுகூட இல்ல சிஸ்டர்."

கூட்டத்தில் சலசலப்பு. தலைவர் வசனப் பிரதியைப் புரட்டினார். சாவிக்காரர் பையிலிருந்து காலிக் குப்பியை எடுத்து நீட்டினார். சிஸ்டர் வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தம் இல்லை. ஒரு கண்காட்சிப் பொருளின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டுப் போனது. காலிக் குப்பியை மூன்றாவது தட்டில் வைத்தார். நிறைந்த 417ஐ எடுத்துக் கொடுத்தார்.

"எட்டு மணிக்கு," என்றார்.

"எட்டு மணிக்கு," என்றார் இவர்.

டாக்டர் தலையை நிமிர்த்தாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அதில் அவர் நடிக்கவில்லை.

நன்கொடையாளர் முதல் முறையாகக் கொட்டாவியை நிறுத்தினார். "மற்ற இடங்களில் எல்லோரும் அழுதார்கள்," என்றார். "இவர் அழவில்லை. ரொம்பத் தத்ரூபம்." தலைவர் நெகிழ்ந்துபோய் இருமினார். எல்லோரும் அவரைச் சூழ்ந்து நன்கொடையாளரோடு படம் எடுத்துக்கொள்ளக் கிளம்பியபோது, சாவிக்காரர் கிழிந்த சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கயிற்றைத் தாண்டினார்.

பட்டியல் மேடத்துக்குப் பதிலாக வந்தவர் பீரோவை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு. சரி.

வாசலில் காவலர் பையை எண்ணினார். அரம் மூன்று, சுத்தியல் ஒன்று, சாவி ஒரு கொத்து, குப்பி ஒன்று. சரி.

வெளியே பதாகையின் கீழே ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு காலிக் குப்பி. முன்னால் நின்றவர் அறை எண் பதினான்கின் பெஞ்சில் எப்போதும் இவருக்குப் பக்கத்தில் உட்காரும் ஆட்டோக்காரர்.

"என்னண்ணே, உள்ள விட மாட்டேங்கிறான். நோயாளின்னா பிரிவே இல்லையாம்."

"பராமரிப்புன்னு சொல்லு," என்றார் சாவிக்காரர். பையிலிருந்து சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அடுத்தவருக்கு ஓர் அரம். அதற்கடுத்தவருக்கு ஓர் அரம். "பாட்டிலை நோட்டுல எழுதச் சொல்லு. உள்ள நோயாளியா நடிக்க ஆள் இல்ல, ரொம்பக் கஷ்டப்படுறாங்க. போய் உதவி பண்ணுங்க."

"பீரோ பூட்டியிருந்தா?"

சாவிக்காரர் பஸ் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தார். பஸ் வந்துவிட்டது.

*

ஐந்தாம் நாள் மாலை, மனைவி செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு மாநாட்டின் நிறைவறிக்கையைச் சத்தமாகப் படித்தார்.

"'நிறைவு நாளில் பிரதிநிதிகள் பெரும்பாலோர் ஓய்வில் இருந்ததால் பாடங்கள் தபாலில் அனுப்பப்படும். பராமரிப்புப் பிரிவில் இதுவரை காணாத அளவுக்கு அறுபத்திரண்டு பேர் பதிவு செய்தனர். கண்காட்சியில் மாதிரி நோயாளிகளாகப் பங்கேற்ற பராமரிப்புப் பணியாளர்களின் நடிப்பு நாளுக்கு நாள் மெருகேறியதால், காட்சிகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நடத்தப்பட்டன. பொருள் எண் முப்பத்தொன்று, குப்பிகள், நூற்றுப் பன்னிரண்டு: நான்கு நாட்களும் ஒன்றுகூடக் குறையவில்லை. குப்பிகளின் எடை சற்றுக் குறைந்திருப்பது அரங்கின் குளிர்சாதனத்தால் இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதுகின்றனர்.'"

பேப்பரை மடித்தார். கணவரைப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாக வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள்.

"ஏங்க, அன்னைக்கு அந்த பீரோவைத் தொறந்தீங்களே, வர்றப்ப பூட்டிட்டுத்தானே வந்தீங்க?"

சாவிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. குப்பியைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் போட்டுக்கொண்டார்.

"மறந்துட்டேன்," என்றார்.

மனைவி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.